பாலன்ஸ்

வாதி கபீரில் மூன்றாவது ஷெட்.
ஏழு வருஷமாக எனக்கு ஒரே வேலை:
சக்கரத்தைச் சுழலவிட்டு
எந்தப் பக்கம் கனக்கிறது என்று பார்ப்பது.

மெஷின் சிவப்பு எண்ணில் சொல்லும்.
உள்ளே பதினைந்து கிராம். வெளியே முப்பது.
கனத்த இடத்தை யாரும் செதுக்குவதில்லை,
நேர் எதிரில் ஓர் ஈயத்துண்டை
ரிம்மின் விளிம்பில் அடித்து ஏற்றுவேன்.
கனத்துக்கு மருந்து இன்னொரு கனம்.
நாலு சக்கரத்துக்கு ரெண்டு ரியால்.
பில்லில் பெயர் பாலன்ஸ்.

மொஃபிஸுல் மூன்று டயரைத் தலையில் அடுக்கி
கைவிட்டு ஏணி ஏறுவான்.
கீழேயிருந்து ஒருவன் கத்துவான்: பாலன்ஸ், பாலன்ஸ்!
மதியம் அதே மொஃபிஸுல்
டப்பாவில் மிஞ்சிய மீன்குழம்பைக் காட்டி
“பேலென்ஸ்?” என்பான்.
ராத்திரிக்கு இருக்கட்டும் என்று அர்த்தம்.

குஞ்ஞுமோன் சார் நோட்டில்
என் பெயருக்கு நேராக நீல மை:
சம்பளம் நூற்றிருபது, கொடுத்தது எழுபது.
கடைசிக் கட்டத்தில் ஐம்பது.
ஐந்து மாசமாக
ஐம்பதுக்குக் கீழே ஐம்பது.
நானும் தலைகீழாக வாசிக்கப் பழகிவிட்டேன்,
மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று.
“எங்க ஓடிப்போகுது? நீ போகும்போது
மொத்தமா வாங்கிக்கோ.”

ஒரு வியாழன் சாயங்காலம்
ஜெபக்கனி சிஸ்டர் வந்தார், வெள்ளை யாரிஸ்.
நிஸ்வா ரோட்டில் நூறைத் தாண்டினால்
ஸ்டியரிங் உதறுகிறதாம்.
“பதினாலு நாளா நைட் டியூட்டி.
வண்டி நடுங்குதா என் கை நடுங்குதான்னே
தெரியலை, அண்ணா.”

முன் இடது சக்கரத்தில் நாற்பத்தைந்து கிராம் குறை.
எப்போதோ ஈயம் தெறித்து விழுந்திருக்கிறது,
அதன் தழும்பு மட்டும் ரிம்மில்.
வண்டிதான் சிஸ்டர், என்றேன்.
அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும்.
மூன்று ரியால் நீட்டி
“பாலன்ஸ் நீங்களே வச்சுக்கோங்க.”

நோட்டிலிருந்து எழுந்து
அந்தச் சொல் தாளாக என் கைக்கு வந்தது
அன்றுதான்.

அதைப் போனில் ஏற்றினேன்.
சுடர்க்கொடி பத்தாவது. மறுநாள் பரீட்சை.
“அப்பா, தண்ணி சமன்பாடு வரவே மாட்டேங்குது.
இந்தப் பக்கம் ஆக்சிஜன் ரெண்டு,
அந்தப் பக்கம் ஒண்ணுதான்.
கீழ இருக்குற சின்ன நம்பரைத் தொடக் கூடாதாம்.
முன்னாடிதான் போடணுமாம்.”
சக்கரம் மாதிரிதாம்மா, என்றேன்,
எங்க குறையுதோ அங்க வை.
“தண்ணிக்கு முன்னாடி ரெண்டு போட்டேன்.
இப்ப ஹைட்ரஜன் இடிக்குது...
ப்பா, நீ எப்ப...”

அறுந்தது.
முதலில் ஒரு பெண் அரபியில் சொன்னாள்.
பிறகு இன்னொருத்தி இங்கிலீஷில், இன்னும் மரியாதையாக.
ரெண்டிலும் எனக்குப் புரிந்தது
அந்த ஒரு சொல்தான்.

ராத்திரி பங்கில் படுத்துக்கொண்டு
ஹைட்ரஜனுக்கு முன்னாலும் ஒரு ரெண்டு போட்டேன்.
நேரானது.
அவள் எனக்கு முன்பே போட்டிருப்பாள்.
அவளுடைய அந்த இன்னொரு கேள்விக்கு
எந்தப் பக்கம், என்ன எண் போடுவது?

துறையூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போன அன்று
பஸ்ஸில் நூறு ரூபாய்த் தாள் நீட்டினேன்.
கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில்
அறுபத்தைந்து என்று கிறுக்கி
“பாலன்ஸ் இறங்கும்போது வாங்கிக்கங்க” என்றார்.
பெட்டி, பை, பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்க்கிற பதற்றம்.
கடலுக்கு மேலே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

பாஸ்போர்ட் உறைக்குள் இன்னும் இருக்கிறது அது.
அச்செழுத்து வெளுத்துப் போய்விட்டது,
பேனாக் கிறுக்கல் மட்டும் போகவில்லை.

விசா முடிய இன்னும் எட்டு மாசம்.
இப்போதே எழுந்து
படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்,
குஞ்ஞுமோன் சார் கண்ணில் படும்படி,
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.